‘ஆன’வும் ‘ஆக’வும்: ஆங்கிலத்தில் பெயரடையும் வினையடையும்

வேகமான பேருந்து என்கிறோம்; பேருந்து வேகமாகப் போனது என்கிறோம். ‘வேகமான போனது’ என்று பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகூடச் சொல்லமாட்டார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘ஆன’, வினைச்சொல்லுக்கு முன்னால் ‘ஆக’ என்ற வேறுபாடு தமிழ் பேசும் எல்லோருக்கும் நாக்கிலேயே ஊறிக் கிடக்கிறது. ‘அட்ஜெக்டிவ்’ என்றும் ‘அட்வெர்ப்’ என்றும் இரண்டு பாடங்களாகப் பிரித்து, வரையறைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி மாணவர்களைக் கலங்க வைக்கும் விஷயம் பெரும்பாலும் இதுதான். அட்ஜெக்டிவ் என்றால் பெயரடை. அட்வெர்ப் என்றால் வினையடை.

ஆகவே உங்களுக்குள் இருக்கும் தமிழை ஓரமாக வைத்துவிட்டு இந்தப் பாடத்தைப் படிக்காதீர்கள். முக்கால்வாசி தூரத்துக்கு அதுவே உங்களைக் கூட்டிப்போகும். மிச்சமுள்ள கால்வாசியில் இரண்டு மொழிகளும் வெவ்வேறு பாதையில் பிரிகின்றன. நம்மவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிவுகளில்தான் பிறக்கின்றன. இந்த அத்தியாயம் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டும்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் விதி

‘கவனமான ஓட்டுநர்’ என்பது ‘எ கேர்ஃபுல் டிரைவர்’. ‘கவனமாக ஓட்டுகிறார்’ என்பது ‘டிரைவ்ஸ் கேர்ஃபுல்லி’. தெளிவான பதில் என்றால் ‘எ கிளியர் ஆன்ஸர்’. தெளிவாகப் பதில் சொன்னாள் என்றால் ‘ஷி ஆன்ஸர்ட் கிளியர்லி’. பெயரடையோடு ‘லி’ சேர்ந்தால் வினையடை. எந்தச் சொல் போடுவது என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஆன’ வந்தால் ‘லி’ வேண்டாம், ‘ஆக’ வந்தால் ‘லி’ வேண்டும். நல்ல, பெரிய, புதிய போன்ற சொற்களில் ‘ஆன’ வெளியே தெரியாது. மெல்ல, சட்டென்று போன்றவற்றில் ‘ஆக’ தெரியாது. ஆனாலும் அவை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்று உங்களுக்கே தெரியும்.

எழுத்துக்கூட்டலில் சில இடங்களைக் கவனியுங்கள். ‘ஹாப்பி’ ‘ஹாப்பிலி’ ஆகும்போது ‘ஒய்’ எழுத்து ‘ஐ’ ஆகிறது. ‘ட்ரூ’ ‘ட்ரூலி’ ஆகும்போது கடைசி ‘இ’ விழுந்துவிடும். இதை நிறையப் பேர் விட்டுவைத்தே எழுதுகிறார்கள். ‘கேர்ஃபுல்லி’யில் இரண்டு ‘எல்’ வரும். ‘பேஸிக்’ போல ‘ஐ, சி’ என்று முடியும் சொற்கள் ‘பேஸிக்கலி’ என்று எழுத்தில் ‘ஏ, எல்’ கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. ‘பப்ளிக்லி’ மட்டும் இந்தப் பழக்கத்துக்கு விலக்கு.

வினையடை வினைக்கு மட்டும் வருவதில்லை, பெயரடைக்கும் வரும். ‘உண்மையிலேயே நல்ல டாக்டர்’ என்பது ‘எ ரியலி குட் டாக்டர்’. ‘ரியல் குட்’ என்று சில அமெரிக்கப் படங்களில் கேட்கலாம். பேச்சில் அங்கே அது நடக்கிறது. தேர்வுத்தாளிலும் விண்ணப்பத்திலும் எழுத வேண்டாம்.

‘இரு’ வந்தால் நிதானியுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

‘அவள் அழகாக இருக்கிறாள்.’ முதல் விதியை அப்படியே வைத்தால் ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்லி’ என்று வரவேண்டும். சரியான வாக்கியமோ ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’. என்ன நடந்தது? தமிழில் ‘இரு’ என்ற வினைக்கு முன்னாலும் ‘ஆக’தான் வருகிறது. உயரமாக இருக்கிறான், சூடாக இருக்கிறது, கஷ்டமாக இருக்கிறது என்கிறோம். ஆனால் பொருளைப் பாருங்கள். அழகு என்பது அவள் இருக்கும் விதமா, அவளுடைய பண்பா? அவளுடைய பண்புதான். ஆங்கிலம் இந்தப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. பண்பு எழுவாய்க்கு உரியதென்றால் பெயரடை. செயலுக்கு உரியதென்றால் வினையடை.

‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ இவற்றோடு அதிகம் பேர் தவறுவதில்லை. காதில் விழுந்து பழகிவிட்டது. தடுக்கி விழுவது இவற்றின் உறவினர்களிடம்தான். லுக், ஸீம், ஸவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், பிகம், கெட், ரிமெய்ன், ஸ்டே ஆகிய வினைகளும் ‘இஸ்’ போலவே எழுவாயையும் அதன் பண்பையும் இணைக்கக்கூடியவை. ‘சாம்பார் ருசியாக இருக்கிறது’ என்பது ‘த சாம்பார் டேஸ்ட்ஸ் குட்’. ‘டேஸ்ட்ஸ் வெல்’ என்பது படித்தவர்களிடமும் கேட்கும் பிழை. ‘உங்கள் குரல் சோர்வாகக் கேட்கிறதே’ என்பது ‘யூ ஸவுண்ட் டயர்ட்’. ‘மல்லிகை இனிமையாக மணக்கிறது’ என்பது ‘த ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’. பதற்றப்படாமல் இருங்கள் என்பது ‘ஸ்டே காம்’. இவை எதிலும் ‘லி’ கிடையாது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘த ஜாஸ்மின் இஸ் ஸ்வீட்’ என்பது பொருந்துகிறது, ஆகவே பெயரடை. ‘ஷி ஸிங்ஸ்’ என்பதில் ‘ஸிங்ஸ்’ஸை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டால் பாட்டே காணாமல் போகிறது. ஆகவே ‘ஷி ஸிங்ஸ் ஸ்வீட்லி’.

இந்த வினைகளில் சிலவற்றுக்கு இரட்டைப் பிழைப்பு உண்டு. ‘ஹீ லுக்ட் ஆங்க்ரி’ என்றால் அவர் கோபமாகத் தெரிந்தார். கோபம் அவர் முகத்தில் இருக்கிறது. ‘ஹீ லுக்ட் ஆங்க்ரிலி அட் த கிளார்க்’ என்றால் அவர் குமாஸ்தாவைக் கோபமாகப் பார்த்தார். பார்த்தல் என்ற செயலைச் செய்கிறார். தமிழில் தெரிந்தார், பார்த்தார் என்று வினையே மாறிவிடுவதால் ‘ஆக’ இரண்டிலும் நின்றாலும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் ஒரே வினை இரண்டு வேலையும் செய்வதால் அடைமொழிதான் வேறுபாட்டைச் சுமக்கிறது. ‘ஃபீல்’ என்ற வினையும் இப்படித்தான். ஒருவருக்கு நேர்ந்ததை எண்ணி வருத்தப்பட்டால் ‘ஐ ஃபீல் பேட்’. ‘பேட்லி’ போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்து ‘ஐ ஃபீல் பேட்லி’ என்பவர்கள் ஆங்கிலேயர்களிலும் உண்டு. எழுத்தில் ‘பேட்’ போதும்.

இதன் இன்னொரு கிளையைப் பல இலக்கணப் புத்தகங்கள் சொல்லாமல் விடுகின்றன. ‘வீட்டைச் சுத்தமாக வைத்திரு’ என்பது ‘கீப் த ஹவுஸ் கிளீன்’. ‘கிளீன்லி’ கூடாது, ஏனென்றால் சுத்தமாக இருப்பது வீடு, வைப்பது அல்ல. அதே கணக்கில் ‘மேக் த டீ ஸ்ட்ராங்’, ‘லீவ் த டோர் ஓபன்’. வை, ஆக்கு, விடு ஆகிய வினைகள் வரும்போது, அந்தப் பண்பு கடைசியில் எந்தப் பொருளின் மேல் போய் உட்காருகிறது என்று கேளுங்கள்.

நல்லா

பேச்சுத் தமிழின் ‘நல்லா’ பெரிய உழைப்பாளி. நல்லா இருக்கேன், நல்லா பாடுறான், படம் நல்லா இருக்கு என்று மூன்று இடத்திலும் அதுவே நிற்கும். ஆங்கிலத்தில் மூன்றையும் பிரிக்க வேண்டும். நன்றாகப் பாடுகிறான் என்றால் ‘ஹீ ஸிங்ஸ் வெல்’. படம் நன்றாக இருக்கிறது என்றால் ‘த ஃபிலிம் இஸ் குட்’. உடல்நலத்தைச் சொல்லும்போது ‘ஐ ஆம் வெல்’. இங்கே ‘வெல்’ வினையடை இல்லை, நலமான என்ற பொருளுள்ள பெயரடை. நலம் விசாரித்தால் ‘ஐ ஆம் குட்’ என்று பதில் சொல்வது இன்று உலகமெங்கும் வழக்கமாகிவிட்டது, அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். ‘ஹீ ப்ளேஸ் குட்’ என்பதைத்தான் திருத்த வேண்டும்.

‘லி’ ஏன் ஏமாற்றுகிறது

‘ஐ வொர்க்ட் ஹார்ட்லி’ என்று ஒருவர் நேர்முகத் தேர்வில் சொன்னால், கடுமையாக உழைத்தேன் என்று சொல்ல நினைத்தவர் ‘உழைக்கவே இல்லை என்று சொல்லலாம்’ என்று சொன்னவராகிறார். ‘ஹார்ட்லி’ என்றால் ‘கிட்டத்தட்ட இல்லவே இல்லை’ என்று பொருள். கடுமையாக என்பதற்கு வினையடையும் ‘ஹார்ட்’ என்பதே. முதல் விதியை உண்மையாகப் பின்பற்றியவர்தான் இந்தப் பிழையைச் செய்கிறார் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வினையடை உண்டாக்க, பெயரடையின் முடிவில் ‘எ’ என்ற சிறு ஒலியைச் சேர்த்தார்கள். இடைக்காலத்தில் சொல்லிறுதியில் இருந்த அந்த ஒலி தேய்ந்து மறைந்தது. மறைந்த பிறகு பெயரடையும் வினையடையும் ஒரே உருவமாகிவிட்டன. ஹார்ட், ஃபாஸ்ட், லேட் போன்ற சொற்கள் ‘லி’ இல்லாமலேயே வினையடையாக நிற்பது இதனால்தான். ‘ஃபாஸ்ட்லி’ என்ற சொல் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. ‘ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்’, அவ்வளவுதான்.

‘லி’யின் கதை வேறு. உடல், உருவம் என்று பொருள்பட்ட ‘லீக்’ என்ற பழைய சொல்லிலிருந்து அது வந்தது. ‘நண்பன் உருவான’ என்பதுபோலப் பெயர்ச்சொல்லோடு அதைச் சேர்த்துப் பெயரடை உண்டாக்கினார்கள். அதன் மேல் அதே ‘எ’ ஒலியைச் சேர்த்தால் வினையடை. இறுதி ஒலிகள் தேய்ந்தபோது இரண்டும் ‘லி’ என்ற ஒரே முடிவாகச் சுருங்கின. அதனால்தான் ஃபிரெண்ட்லி, லவ்லி, லோன்லி, கவர்ட்லி ஆகியவை ‘லி’யில் முடிந்தும் பெயரடைகளாக இருக்கின்றன. ‘ஹீ ஸ்போக் ஃபிரெண்ட்லி’ என்று எழுதினால் தவறு. ‘ஹீ ஸ்போக் இன் எ ஃபிரெண்ட்லி வே’ என்று சுற்றி வந்துதான் சொல்ல வேண்டும். ‘டெய்லி’, ‘வீக்லி’, ‘எர்லி’ மூன்றும் இரண்டு பக்கமும் போகும்.

சில சொற்களில் ‘லி’ உள்ள உருவமும் இல்லாத உருவமும் தனித்தனிப் பொருளோடு பிரிந்துவிட்டன. ‘ஹீ கேம் லேட்’ என்றால் தாமதமாக வந்தார். ‘லேட்லி’ என்றால் அண்மைக்காலமாக. ‘நியர்’ என்றால் அருகில், ‘நியர்லி’ என்றால் ஏறக்குறைய. ‘ஷார்ட்லி’ என்றால் சற்று நேரத்தில்; ரயில் நிலைய அறிவிப்பில் கேட்டிருப்பீர்கள். ‘ஹை’ உயரத்தில் பறப்பதற்கு, ‘ஹைலி’ உயர்வாகப் பாராட்டுவதற்கு.

சாலையோரப் பலகையில் ‘கோ ஸ்லோ’ என்று எழுதியிருப்பது பிழையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பிழையில்லை. ‘ஸ்லோ’ அந்தப் பழைய குடும்பத்தைச் சேர்ந்த வினையடை. 1762இல் வெளிவந்த தம் இலக்கண நூலில் ராபர்ட் லோத் என்ற ஆங்கிலப் பாதிரியார், பெயரடையை வினையடையாக வழங்குவது முறையல்ல என்று எழுதினார். அவரைப் போன்ற இலக்கணக்காரர்களின் செல்வாக்கு பள்ளிக்கூடங்களில் வேரூன்றி, ‘ஸ்லோலி’ மட்டுமே சரி என்ற எண்ணம் பரவியது. 1997இல் ஆப்பிள் நிறுவனம் ‘திங்க் டிஃபரன்ட்’ என்று விளம்பரம் செய்தபோதும் ‘டிஃபரன்ட்லி’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. பலகைக்கும் விளம்பரத்துக்கும் அந்தச் சுருக்கம் அழகு. உங்கள் கட்டுரையில் ‘ஸ்லோலி’, ‘டிஃபரன்ட்லி’ என்றே எழுதுங்கள்.

ரொம்ப

ரொம்ப நல்ல படம், காபி ரொம்பச் சூடு, எனக்கு ரொம்பப் பிடிக்கும், இது ரொம்பவே மேல். இந்த நான்கு ‘ரொம்ப’வுக்கும் ஆங்கிலம் நான்கு விதமாக நடந்துகொள்கிறது. ‘எ வெரி குட் ஃபிலிம்’ சரி. காபி குடிக்க முடியாத அளவுக்குச் சூடு என்றால் ‘டூ ஹாட்’. ‘டூ’ வந்தாலே அளவு மீறிவிட்டது, ஏதோ கெட்டுப்போகிறது என்று பொருள். நம் ஊரில் பாராட்டாக ‘டூ குட்’ என்கிறோம்; நண்பர்களிடம் சொல்லலாம், மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் ‘யுவர் ஆஃபர் இஸ் டூ குட்’ என்றால் அதில் ஏதோ சந்தேகம் இருப்பதாகப் படிக்கப்படும். வினையின் முன்னால் ‘வெரி’ நிற்காது: ‘ஐ வெரி லைக் இட்’ தவறு, ‘ஐ லைக் இட் வெரி மச்’ சரி. ஒப்பீட்டுச் சொல்லுக்கு முன்னாலும் நிற்காது. ‘வெரி பெட்டர்’ என்பதை ‘மச் பெட்டர்’ என்று மாற்றுங்கள்.

ஒப்பீட்டில் நாம் தடுமாறுவதற்குக் காரணம், தமிழில் பெயரடை உருவம் மாறுவதே இல்லை. ‘அந்தக் கடையைவிட இந்தக் கடை மலிவு’ என்பதில் ‘விட’ என்ற ஒரு சொல் எல்லா வேலையும் செய்துவிடுகிறது. அதனால் சிலர் ‘சீப் தேன் தட் ஷாப்’ என்று பாதியில் நிறுத்துகிறார்கள். சிலர் பயந்து ‘மோர் சீப்பர்’ என்று இரண்டு பூட்டுப் போடுகிறார்கள். ஒன்று போதும். சீப்பர், ஓல்டர், ஈஸியர் என்று சின்னச் சொற்கள் தாமே மாறும். ‘மோர் பியூட்டிஃபுல்’, ‘மோர் கேர்ஃபுல்லி’ என்று நீண்டவை ‘மோர்’ எடுத்துக்கொள்ளும். ‘ஒன் ஆஃப் த பெஸ்ட்’ என்று தொடங்கினால் அடுத்து வருவது பன்மையாக இருக்கட்டும்: ‘ஒன் ஆஃப் த பெஸ்ட் டீச்சர்ஸ்’.

போர் அடிக்குது

‘எனக்குப் போர் அடிக்குது’ என்பதை ‘ஐ ஆம் போரிங்’ என்று சொன்னால், ‘நான் மற்றவர்களைச் சலிப்படைய வைக்கிறேன்’ என்று பொருளாகிவிடும். சலிப்பை உண்டாக்குவது ‘போரிங்’, சலிப்பை அடைவது ‘போர்ட்’. ‘ஊட்டும்’ என்று தமிழில் சொல்ல முடிந்தால் ‘இங்’; ‘அடைந்த’ என்று சொல்ல முடிந்தால் ‘இ, டி’ எழுத்துகளில் முடியும் சொல். களைப்பூட்டும் பயணம் ‘எ டயரிங் ஜர்னி’; களைப்படைந்த பயணி ‘எ டயர்ட் பாஸெஞ்சர்’. வேலை விண்ணப்பங்களில் ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று எழுதுபவர்களை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது. திறமை இருந்தும் முதல் வரியிலேயே தள்ளப்படுகிறார்கள். ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட்’ என்று பத்துமுறை எழுதிப் பழகுங்கள்.

எங்கே வைப்பது

தமிழில் வினை கடைசியில் வருவதால் வினையடை எங்கே இருந்தாலும் அதற்கு முன்னால்தான். ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்கிறது. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையில் வினையடையைச் செருகாதீர்கள் என்ற ஒரே விதி பாதிச் சிக்கலைத் தீர்க்கும். ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்’ தவறு. ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்’. ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர் ஆகியவை வினைக்கு முன்னால் வரும், ‘இஸ்’ஸுக்குப் பின்னால் வரும்: ‘ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்’, ‘ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்’. இடமும் நேரமும் சேர்ந்து வந்தால் நமக்கு நேர் எதிர். ‘நேற்று மதுரைக்குப் போனேன்’ என்பது ‘ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே’.

‘ஒன்லி’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் ‘மட்டும்’, ‘தான்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. முன்னது மற்றவற்றை விலக்குகிறது. பின்னது அழுத்தம் தருகிறது. ‘ஒன்லி’ இதில் ‘மட்டும்’ வேலையை மட்டுமே செய்யும். ‘நான் சென்னைதான்’ என்பதை ‘ஐ ஆம் ஃப்ரம் சென்னை ஒன்லி’ என்று சொல்கிறோம். இந்தியாவுக்கு வெளியே கேட்பவருக்கு அது புரியாது. அழுத்தத்தைக் குரலில் கொடுங்கள், அல்லது ‘ஆக்சுவலி’ போடுங்கள். ‘மட்டும்’ என்ற பொருளில் வரும்போது, எந்தச் சொல்லை விலக்கிக் காட்டுகிறீர்களோ அதற்கு முன்னால் வையுங்கள். ‘ஒன்லி ஐ டிராங்க் மில்க்’ என்றால் நான் மட்டும். ‘ஐ டிராங்க் ஒன்லி மில்க்’ என்றால் பால் மட்டும்.

அடுக்குத்தொடரும் அப்படியே போகாது. சின்னச் சின்ன வீடுகள் ‘ஸ்மால் ஸ்மால் ஹவுஸஸ்’ ஆகாது. ‘ஹவுஸஸ்’ என்ற பன்மையே பலவற்றைக் காட்டிவிடும். மெல்ல மெல்ல என்பதற்கு ‘லிட்டில் பை லிட்டில்’ இருக்கிறது.

பல பெயரடைகள் சேர்ந்து வரும்போது பொதுவாகக் கருத்து, அளவு, வயது, நிறம், ஊர், மூலப்பொருள் என்ற வரிசை. ‘எ லவ்லி ஓல்ட் உடன் பாக்ஸ்’. எழுத்தாளர் டோல்கின் ஏழு வயது வாக்கில் ஒரு டிராகன் கதை எழுதினார். ‘கிரீன் கிரேட் டிராகன்’ என்று சொல்லக்கூடாது, ‘கிரேட் கிரீன் டிராகன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா திருத்தினாராம். ஏன் என்று தமக்கு இன்னும் விளங்கவில்லை என 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஆங்கிலம் தாய்மொழியான மொழியறிஞருக்கே அப்படி என்றால், நாம் இந்த வரிசையை மனப்பாடம் செய்து கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு பெயருக்கு இரண்டு பெயரடைக்கு மேல் வைக்காமல் எழுதினால் சிக்கலே வராது.

பயிற்சி

கீழே உள்ள விண்ணப்பப் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பிழை இருக்கிறது. விடையைப் பார்க்காமல் திருத்தி எழுதுங்கள்.

‘ஐ ஆல்வேஸ் வொர்க் ஹார்ட்லி. ஐ ஸ்பீக் வெல் இங்கிலிஷ். மை ஹேண்ட்ரைட்டிங் லுக்ஸ் நீட்லி. ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் அக்கவுண்ட்ஸ். ஐ ஆல்வேஸ் ஆம் பங்க்சுவல். திஸ் ஜாப் இஸ் வெரி பெட்டர் தேன் மை ஓல்ட் ஜாப். ஐ வில் பிஹேவ் ஃபிரெண்ட்லி வித் எவ்ரிஒன்.’

விடைகள்: முதல் வாக்கியத்தில் ‘ஹார்ட்’. இரண்டாவதில் ‘இங்கிலிஷ் வெல்’. மூன்றாவதில் ‘நீட்’, ஏனென்றால் கையெழுத்து எதையும் பார்ப்பதில்லை, நேர்த்தியாகத் தெரிகிறது. நான்காவதில் ‘இன்ட்ரஸ்டட்’. ஐந்தாவதில் ‘ஐ ஆம் ஆல்வேஸ்’. ஆறாவதில் ‘மச் பெட்டர்’. கடைசி வாக்கியத்தை ‘இன் எ ஃபிரெண்ட்லி வே’ என்று திருத்தினால் மதிப்பெண் உண்டு. ஆனாலும் ‘ஐ வில் பீ ஃபிரெண்ட்லி வித் எவ்ரிஒன்’ என்று எழுதியவர் ‘இரு’வின் பகுதியை நன்றாக உள்வாங்கியிருக்கிறார், அவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். மூன்றுக்கு மேல் தவறியவர்கள் அந்தப் பகுதியை மட்டும் இன்னொருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.